ரொட்டிப் பலகைக்கு என்ன மரம், என்ன எண்ணெய்? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என்று எங்கள் பக்கத்தில் வீட்டு ஓவனில் ரொட்டி சுடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மண்டபம் அகதிகள் முகாமில் ஓர் அக்கா சுடுகிற பாண் (இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்வார்கள்) கடை ரொட்டியைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் சுட்டதை எதில் வைத்து நறுக்குகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பிளாஸ்டிக் பலகையைக் காட்டுகிறார்கள், மீதிப் பேர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போடுகிறார்கள். பல் வைத்த ரொட்டிக் கத்தி எவர்சில்வரில் உரசினால் சீக்கிரமே மழுங்கிவிடும். மரப்பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். தச்சு வேலை தெரிய வேண்டியதில்லை. சரியான மரம், நன்றாகக் காய்ந்த மரம், கெட்டுப்போகாத எண்ணெய், இந்த மூன்றும் அமைந்தால் பலகை பல வருஷம் உழைக்கும்.

மரத்தில் கிருமி சேரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த டீன் கிளைவர் என்ற உணவு நுண்ணுயிர் ஆய்வாளர் 1990களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே இறங்கி, பெருக வழியில்லாமல் செத்துப்போனது. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கையால் கழுவினாலும் தங்கிவிட்டது. அதற்காக மீன் வெட்டுகிற கட்டையிலேயே ரொட்டியையும் நறுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் மீன் புழங்குகிற வீடுகள் நம்முடையவை, மீனுக்குத் தனி, ரொட்டிக்குத் தனி.

மரம் பார்ப்பது

மர வாடிக்குப் போனதும் பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள். அறுத்த முனையில் வெளிப்பக்கம் வெளுப்பாகவும் நடுப்பக்கம் கருத்தும் இருக்கும். வெளுப்பை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள், உள்ளே இருப்பது வைரம். வைரம் பாய்ந்த பகுதிதான் நமக்கு வேண்டும். வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு முதலில் அதைத்தான் துளைக்கும், ஈரத்தையும் சட்டென்று குடிக்கும். அடுத்து, முனையை எச்சில் தொட்டு ஈரமாக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் துளைகள் கண்ணுக்கே தெரிந்தால் ரொட்டித் துகளும் எண்ணெயும் அதில் அடையும். துளை நுண்ணியதாக, மரம் நெருக்கமாக இருந்தால் நல்லது.

இந்தக் கரையில் என்னைக் கேட்டால் முதல் இடம் பூவரசுக்குத்தான். சின்ன வயதில் இதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? உப்பு மண்ணுக்கும் உப்புக்காற்றுக்கும் அசராமல் வேலியோரம் வளர்ந்து நிற்கிற மரம். வைரம் செம்பழுப்பாக, சில மரங்களில் காப்பிக் கொட்டை நிறத்துக்கே போகும். நெருக்கமான மரம், இழைத்தால் வழவழப்பு வரும், ரொம்பக் கடினமும் இல்லை, அதனால் கத்தியின் கூர் கெடாது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த குணம், இது சாப்பாட்டுக்குச் சுவை ஏற்றாது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்கிறார்கள். அங்கே பழைய காலத்திலேயே சாப்பாட்டுக் கிண்ணங்களை இதில் கடைந்திருக்கிறார்கள், அதுவும் இந்தக் குணத்துக்காகவே. நம் ஊரில் வீடு கட்ட இடம் எடுக்கும்போது பூவரசை வெட்டி விறகுக்குப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்காது. அப்படி ஒரு மரம் விழுகிறது என்று காதில் விழுந்தால் உடனே போய்க் கேளுங்கள். ஒரு அடி விட்டம் உள்ள அடித்துண்டு ஒன்று கிடைத்தால் போதும், மில்லில் கொடுத்து ஒன்றேகால் அங்குலக் கனத்தில் அறுத்து வாங்கிவிடலாம்.

அடுத்தது புளி. கறிக்கடையில் கத்தி விழுந்து விழுந்து நடுவில் குழிந்துபோன கட்டை இருக்குமே, அது பெரும்பாலும் புளியங்கட்டைதான். அவ்வளவு கனம், அவ்வளவு உறுதி. ஆனால் ரேகை (மரத்தின் நார் ஓடுகிற வரி) முறுக்கிக்கொண்டு ஓடுவதால் புதிதாகச் செய்கிறவர் கையால் இழைப்பது கஷ்டம், இழைப்புளி பிய்த்துக்கொண்டு வரும். ஆசாரியிடம் மெஷினில் இழைத்து வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: கறிக்கடைக் கட்டை மாதிரி வட்டமாக வில்லை அறுத்துக் கேட்காதீர்கள். மரம் சுற்றுவட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் மெல்லிய வில்லை காயும்போது நடுவரைக்கும் வாய் பிளந்துவிடும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரெல்லாம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிற மரம் அது. ஆனால் காய்ந்தால் ரொம்பக் கொஞ்சமாகத்தான் சுருங்கும், வளையாது, நிறமும் அழகு. அமெரிக்காவில் இதன் இனத்து மரங்களை மெஸ்கீட் என்று சொல்லி விலை உயர்ந்த பலகை செய்கிறார்கள். நேரான, பருத்த துண்டு கிடைப்பதுதான் பாடு. முழங்கை அகலத்துக்கு எங்காவது ஓர் அடிமரம் கிடைத்தால் கரிக்குப் போகவிடாமல் வாங்கிவிடுங்கள். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசி மூக்கை எரிக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வேம்பு கிருமி கொல்லும் என்று சொல்லி நிறையப் பேர் விற்கிறார்கள். காய்கறிக்குச் சரி. சூடான ரொட்டி வைக்கிற பலகைக்கு நான் வேம்பைச் சொல்ல மாட்டேன், சரியாகக் காயாத துண்டாக இருந்தால் லேசான கசப்பு வாடை ரொட்டியில் ஏறும். தேக்கு ஈரத்தைத் தாங்கும், ஆனால் துளை பெரியது, மரத்துக்குள்ளேயே மணல் சத்து இருப்பதால் உளி, கத்தி எல்லாம் சீக்கிரம் மழுங்கும், விலையும் அதிகம். மாமரம் மெத்து, மலிவு, வண்டு விழும். பழகிப் பார்க்க முதல் பலகையை அதில் செய்யலாம்.

எந்த மரமானாலும் சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். இழைத்த துண்டின் மேல் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு மோந்து பாருங்கள். வாடை இல்லை என்றால் ஒரு பன் துண்டை அதன் மேல் வைத்து, பாத்திரத்தால் கவிழ்த்து மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அந்தப் பன் பன்னாகவே மணந்தால் மரம் நல்ல மரம். பெயர் தெரியாத மரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், அதை வாங்கவே வேண்டாம்.

தொடக் கூடாதவை

இந்தக் கரையில் இலவசமாகக் கிடைக்கிற மரங்கள்தான் பெரிய ஆபத்து. உடைத்த வத்தை, வல்லம் மாதிரி மீன்பிடிப் படகுகளின் பலகை பார்க்க அருமையாக இருக்கும், வாங்கிவிடாதீர்கள். அதில் அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காமல் பூசிய செம்பு கலந்த பெயின்ட்டும், முந்திரிக்கொட்டை எண்ணெயும், மீன் எண்ணெயும், டீசலும் வருஷக்கணக்கில் ஊறியிருக்கும். எவ்வளவு இழைத்தாலும் போகாது. பழைய ரயில் கட்டையும் அப்படியே. கரையான் அரிக்காமலிருக்கக் கிரியோசோட் என்கிற தார் எண்ணெயில் முக்கியது, சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாது. கரையில் ஒதுங்கிய கட்டை உப்பு குடித்திருக்கும், கப்பல் புழு உள்ளே சல்லடையாக்கியிருக்கும். உப்பு ஏறிய மரம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வியர்த்துக்கொண்டே இருக்கும்.

பழைய கதவு, ஜன்னல் மரம் காரைக்குடிக் கடைகளில் நன்றாகவே கிடைக்கும். பெயின்ட் படாததாகப் பார்த்து எடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதற்கு முன்னால் அடித்த பெயின்ட்டைச் சுரண்டித் தூசி கிளப்புவது குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

அரளி, எட்டி, அலையாத்திக் காட்டுத் தில்லை, இந்த மூன்றும் விஷம். பனையும் தென்னையும் விஷமில்லை, ஆனால் பலகைக்கு ஆகாது. மரத்துக்கு வைரம் உள்ளே, பனைக்கு வைரம் வெளியே. நடுவெல்லாம் நாரும் சோறும், நறுக்க நறுக்கச் சிலாம்பு கிளம்பும். பிளைவுட் வேண்டாம், பசை. ரப்பர் மரப் பலகையும் பெரும்பாலும் வண்டுக்கு மருந்து ஏற்றித்தான் வருகிறது.

காய வைப்பது

அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். என் முதல் பூவரசுப் பலகையை இழைத்துத் தரச் சொல்லி ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் விரல் கணுவால் தட்டினார், "தொப்" என்றது. பக்கத்தில் கிடந்த பழைய நிலைக்காலைத் தட்டிக் காட்டினார், "டங்" என்று கணீரென்று கேட்டது. "தம்பி, இது இன்னும் பச்சை காயலை. இப்போ இழைச்சா மார்கழியிலே வில்லா வளைஞ்சு நிக்கும், அடுத்த வருசம் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்றைக்கும் அந்தப் பலகை மட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

நிழலில் காயும் மரத்துக்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மொட்டை மாடி வெயிலில் போட்டு வேகப்படுத்தினால் மேல்தோல் சுருங்கி உள்ளே ஈரம் நின்று வெடித்துவிடும். பலகையின் இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள், ஏனென்றால் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அப்புறம் தரையில் படாமல் ரீப்பர் கட்டை கொடுத்து, காற்றோட்டமான நிழலில் படுக்க வையுங்கள். மேலே கனமாக ஏதாவது வையுங்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ரொட்டி சுடுகிற வீட்டில் கிராம் காட்டுகிற தராசு இருக்கும், அதிலேயே பலகையை மாதம் ஒருமுறை எடை போட்டு, பலகையிலேயே பென்சிலால் தேதியோடு எழுதுங்கள். என் பலகை 1,340 கிராமில் தொடங்கியது. முதலில் மடமடவென்று இறங்கி, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, 1,060 பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. மூன்று மாதம் எடை அசையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அந்த ஈரக்காற்றில் காய்ந்த மரமே பத்திருபது கிராம் ஏறும். பங்குனியிலிருந்து ஆனிக்குள் போட்ட எடைதான் உண்மையான எடை.

அறுத்துத் தேய்ப்பது

இது சின்ன வேலை. வீட்டு ரொட்டிக்கு ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலம், இழைத்த பின் முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கனம். ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். மரத்தின் நட்டநடுக் குருத்து பலகைக்குள் வரக் கூடாது, வந்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். முதல் பலகை ஒற்றைத் துண்டாக இருக்கட்டும், ஒட்டு வேலையும் பசைக் கவலையும் வேண்டாம். வளையாமலிருக்க அடியில் குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கியாக வேண்டும், கட்டிப்போட்டால் பிளக்கும்.

உப்புத்தாள் 80ஆம் நம்பரில் தொடங்கி 120, 180, 220 என்று ரேகையோடு தேய்த்துக்கொண்டே போங்கள். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். வழவழவென்று இருந்த பலகை பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாகிவிடும், படுத்திருந்த நார்கள் தண்ணீர் பட்டு எழுந்து நிற்கின்றன. மறுபடி 220ஆல் லேசாகத் தேய்த்துவிட்டால் பிறகு கழுவும்போது எழாது. ஓரங்களைக் கைக்கு இதமாக உருட்டிவிடுங்கள்.

எண்ணெய்

இங்கேதான் நம் ஊரில் தப்பு நடக்கிறது, நானும் செய்தேன். வீட்டில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இருந்தது, மூன்று கை பூசினேன். முதல் வாரம் பலகை மின்னியது. ஐப்பசி மழை தொடங்கியதும் மேலே பிசுபிசுப்பு, தொட்டால் விரல்ரேகை பதிந்தது. ஒரு மாதத்தில் பழைய பலகாரத் தூக்கைத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை ரொட்டியில் ஏறிவிட்டது. மொத்தத்தையும் சுரண்டித் தேய்க்க வேண்டியதாயிற்று.

காரணம் இதுதான். சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக் கெட்டியாகும், ஆளிவிதை எண்ணெய் அப்படி. சில எண்ணெய்கள் எதோடும் சேராமல் அப்படியே இருக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டவை, முழுசாக இறுகவும் மாட்டாது, சும்மா இருக்கவும் இருக்காது, பிசுபிசுத்துக் காறிப்போகும். இதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு 10க்குள், நல்லெண்ணெய்க்கு 100க்குக் கொஞ்சம் மேல், ஆளிவிதைக்கு 170க்கு மேல். எண் கூடக் கூட இறுகும் குணம் கூடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் ஐ.பி. (ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரக் குறி) என்று கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுக்கிற, நிறமும் மணமும் இல்லாத எண்ணெய். காறாது, பிசுபிசுக்காது, 100 மில்லி ஒரு பலகைக்குத் தாராளம். லேபிளில் அது ஒன்றுதான் இருக்க வேண்டும், மெக்னீசியா கலந்த வெள்ளைத் திரவமாக இருந்தால் வேண்டாம். பாரஃபின் என்ற பெயரைப் பார்த்து விளக்கெரிக்கிற எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ எடுத்துவிடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், வாசனை சேர்த்த பேபி ஆயில், புன்னை எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் ஆகாது.

தேங்காய் எண்ணெய் பூசலாமா? தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு எல்லாரும் கேட்கிற கேள்வி. அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு சீக்கிரம் கெடாத நிறைகொழுப்பு, அதனால் மற்றச் சமையல் எண்ணெய்களை விட எவ்வளவோ மேல். வாரம் தவறாமல் புழங்கித் துடைக்கிற பலகைக்கு மேல்பூச்சாக விடலாம். ஆனால் முதல் ஊறலுக்கு வேண்டாம், மரத்தின் ஆழத்தில் போய் உட்கார்ந்த செக்கெண்ணெய் என்றைக்காவது ஒருநாள் வாடை காட்டும், அதை வெளியே எடுக்க வழியில்லை.

பாரஃபின் வேண்டாம் என்பவர்கள் சாப்பிடுகிற தரத்து ஆளிவிதை எண்ணெயை எடுங்கள். ஹார்டுவேர் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் என்று விற்பது வேறு, அதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காய நாட்கணக்கில் விட வேண்டும். பூசிய துணியைக் கசக்கி மூலையில் போடவே போடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு கிளப்பும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், இல்லையென்றால் வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பூசும் முறை எளிது. லிக்விட் பாரஃபினை லேசாகச் சூடாக்கி, பலகை நனைய ஊற்றிக் கையால் தேயுங்கள். பூவரசாக இருந்தால் இந்தக் கணத்துக்காகவே இத்தனை பாடும் பட்டோம் என்று தோன்றும். சாம்பல் பூத்த மாதிரி இருந்த பழுப்பு உள்ளங்கை போகிற வழியெல்லாம் கருஞ்சிவப்பாகத் திறக்கும், அதுவரை கண்ணுக்கே தெரியாத ரேகைகள் எழுந்து வரும். முனைகளுக்கு இரண்டு மடங்கு கொடுங்கள், அவை குடித்துக்கொண்டே இருக்கும். அரைமணி கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். இப்படி நாலைந்து நாள் தினமும் ஒருமுறை.

அதன் மேல் தேன்மெழுகுப் பூச்சு. எடையில் ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நாலு பங்கு லிக்விட் பாரஃபின். ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். தேன்மெழுகு 62 டிகிரிக்குப் பிறகு உருகத் தொடங்கும். ஆறினால் நெய் மாதிரி உறையும். துணியால் தடவி ராத்திரி விட்டு, காலையில் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மெழுகுவத்தியை உருக்கிச் சேர்க்காதீர்கள். வார்னிஷும் வேண்டாம், கத்தி பட்டுச் செதில் செதிலாக ரொட்டியோடு வரும்.

புழங்கும்போது

ஊற வைக்காதீர்கள். துகளைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்தாலே ரொட்டிப் பலகைக்குப் போதும். கழுவினால் இரண்டு பக்கமும் கழுவி, குத்தாக நிறுத்திக் காயவையுங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் உப்புத் தண்ணீரில் கழுவுகிறவர்கள் கடைசியாக ஒரு தம்ளர் குடிதண்ணீர் விட்டு அலசுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். கீழக்கரைக்காரர்கள் இதிலேயே தொதல் (அல்வா மாதிரி இனிப்பு) துண்டு போடுவீர்கள் என்று தெரியும், தாராளமாகப் போடுங்கள், முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் பாகு ஒட்டாது.

தண்ணீர் சொட்டு விட்டால் முத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பரவி உள்ளே இறங்கினால் எண்ணெய் கேட்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை போதும், மழைக்காலம் தொடங்கும் முன்னால் கூட ஒரு கை. அப்படியும் கார்த்திகையில் பலகை லேசாக வளைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குழிந்த பக்கம்தான் அதிகம் காய்ந்த பக்கம். அது கீழே வரும்படி பிழிந்த ஈரத்துணி மேல் கவிழ்த்துப் போட்டு, மேல் பக்கத்துக்குக் காற்று படும்படி இரண்டு நாள் விடுங்கள், நேராகிவிடும். நேரானதும் நன்றாகக் காயவிட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு எண்ணெய் கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் குடித்த பலகை அடுத்த மழையில் திரும்பவும் வளையும்.